பக்கத்து சீட் பிரேக்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம். நான் போனைக் கையில் எடுத்தாலே அப்பா, "யாரு, அவனா? ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். செய்தி அனுப்பலாம் என்றால், மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு என் போனில் எழுத்தைப் பெரிதாக்கி நியூஸ் படிக்கிறவர் அவர். கிளினிக்கிலிருந்து கூப்பிடலாம் என்றால் நீ பகலெல்லாம் கிரேன் மேலே, உன் போன் லாக்கரில். ஆகவே கிளினிக் ரிசப்ஷனில், பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, இதை எழுதுகிறேன். பதிலையும் கிளினிக் முகவரிக்கே போடு. வீட்டுக்கு வந்தால் உறையைப் பிரிப்பது நானாக இருக்காது.

முதலில், யாருக்கும் அடிபடவில்லை. கார் இடித்துவிட்டது. உன் கார்தான்.

நேற்று சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் தன் இடத்திலிருந்து ரிவர்ஸ் எடுத்தது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வந்த காலி வேன். நம் கார் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. வேனின் பின் மூலை நசுங்கியது. நம் பம்பரில் விரிசல், ஒரு ஹெட்லைட் போச்சு. அவ்வளவுதான்.

வேனிலிருந்து இறங்கியது யார் தெரியுமா? ஆமை! அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்று முறை டெஸ்டில் தோற்று, நாலாவது முறை லைசென்ஸ் வாங்கினாளே, அவள். அப்பா வைத்த பட்டப்பெயர் இன்னும் போகவில்லை, பாவம். அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், "ஐயோ மாஸ்டர், நீங்களா! சாரி மாஸ்டர்" என்றாள். அப்பா விடுவாரா? "வண்டிக்கு மூணு கண்ணாடி குடுத்திருக்கான். ஒண்ணையாவது பார்த்தியா?" என்று அங்கேயே வகுப்பு ஆரம்பித்துவிட்டார். நாற்பது வயதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "பார்க்கலை மாஸ்டர்" என்கிறாள். பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தன.

விஷயத்துக்கு வருகிறேன். இன்ஷூரன்ஸ் உன் பெயரில் இருக்கிறது. "அவனை உடனே இன்ஷூரன்ஸ்ல சொல்லச் சொல்லு. தப்பு அவ மேல. அவங்க கம்பெனி பார்த்துக்கும்" என்று அப்பா காலையிலிருந்து என்னை அரிக்கிறார். நீ சொல்லாதே. வாயைத் திறந்தால் யார் ஓட்டினார், என்ன வயது, கண் எப்படி, காது எப்படி என்று தோண்டுவார்கள். அவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம் இது. அதைப் பிடுங்கிக்கொண்டால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும், சொல்லு? பம்பரை நானே பட்டறையில் மாற்றிவிடுகிறேன். நீ சும்மா இருந்தால் போதும்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கார் தானாகவே கிளம்பி, தானாகவே வேகம் எடுத்து, தானாகவே இடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். ஓட்டினவர் என்று ஒருவர் உள்ளே இருந்தாரா, இல்லையா?

இங்கே தொழிற்சாலையில் என் கிரேன் கொக்கி ஒரு தூணில் லேசாக உரசினாலும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு மறைத்த உரசல் நாளைக்கு ஆளைக் கொல்லும் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. நீ என்னடாவென்றால் சும்மா இரு என்கிறாய். சும்மா இருப்பதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறேன்! அம்மா போன பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்கு முடிவு மட்டும்தான் வந்து சேரும். வீட்டுக்கு வெள்ளை அடித்தது தெரியாது, அப்பா முட்டிக்கு ஊசி போட்டது தெரியாது. கையெழுத்து வேண்டும் என்றால் மட்டும் தம்பி ஞாபகம் வருவான்.

இன்னொன்று. அந்தக் காரை நான் ஆசைக்கு வாங்கவில்லை. முட்டி வலியில் கிளட்சை மிதிக்க முடியவில்லை என்று அவர் சொன்னதால்தான் பழைய காரைத் தள்ளிவிட்டு, கியர் மாற்றத் தேவையில்லாத காராகப் பார்த்து வாங்கினேன். பழைய காரை விற்காதே என்று அழாத குறையாகச் சொன்னார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்தக் கார் ஒரு வேனில் போய் இடித்திருக்கிறது, அதை நான் ஒளிக்க வேண்டுமா?

இன்ஷூரன்ஸில் சொல்லத்தான் போகிறேன். சொல்வதற்கு முன்னால் உண்மை எனக்குத் தெரிய வேண்டும். பூசி மெழுகாமல் எழுது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என்ன பார்த்தாய்?

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

கேட்டாய் அல்லவா, இந்தா.

வேன் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்தது, எங்களைப் பார்த்தது, நின்றுவிட்டது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நமக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. அப்பாவும் வேனைப் பார்த்தார். "ஆங், நில்லு நில்லு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே காலை அழுத்தினார். இன்ஜின் உறுமியது, கார் பாய்ந்தது. ஒரு நொடிதான். நான் என் பக்கத்துத் தரையை மிதித்தேன், அங்கே ஏதோ பிரேக் இருக்கிற மாதிரி. மறுநாள் குதிகாலை ஊன்ற முடியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, அதைப் புரிந்துகொள். "நான் பிரேக்கை அழுத்திப் பிடிச்சேன். அவதான் பின்னாடி வந்து மோதினா" என்கிறார். கேட்கிறவர்கள் எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறார், ஒரு வார்த்தை மாறவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், கண் நன்றாக இருக்கிறது. மறதியும் இல்லை. கிளினிக்கில் எந்த நோயாளிக்கு எந்தப் பல் என்று நான் எப்போதோ சொன்னதை என்னிடமே திருப்பிச் சொல்கிறார். பிறகு எப்படி இப்படி? எனக்கு விளங்கவில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆமை வீட்டுக்கு வந்தாள், கையில் ஆப்பிள் பை. தன் இன்ஷூரன்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் தப்பு தன்னுடையது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். பள்ளிக்கூடம் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறது. ரிவர்ஸில் இடித்த டிரைவரிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று கேட்கிறார்களாம். வேன் அவளுடையதுதான், ஆனால் அந்தப் பள்ளிக்கூட ஓட்டம் இல்லாவிட்டால் அவள் வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் அன்னிக்குக் கவனம் எங்கேயோ போயிடுச்சு" என்று ஆப்பிளை மேஜைமேல் வைத்தாள். அப்பா பெருந்தன்மையாக, "விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார்.

நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். டீ போடவே மறந்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் காரை ஞாபகப்படுத்திப் பார். கற்றுக்கொள்கிறவருக்கு மூன்று பெடல். அப்பாவின் பக்கத்தில் இரண்டு மட்டும், ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பிரேக் வலது பக்கம். எவன் எங்கே தடுமாறினாலும் அவர் வலது காலால் அந்த வலது பெடலை ஒரு அழுத்து அழுத்துவார், வண்டி நின்றுவிடும். முப்பது வருஷம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, அவர் உட்கார்ந்த சீட் அது. எத்தனை சுவரையும் எத்தனை சைக்கிளையும் அந்தக் கால் காப்பாற்றியிருக்கும்!

நான் வாங்கித் தந்த காரில் எத்தனை பெடல், சொல்லு? இரண்டுதான். வலது பக்கம் இருப்பது ஆக்ஸிலரேட்டர்.

பழைய காரில் மூன்று பெடல் இருந்ததால் அவர் கால் டிரைவரின் காலாக இருந்தது. இரண்டே பெடல் என்றதும், பதறின அந்த நொடியில் அது மாஸ்டரின் காலாகிவிட்டது. அவர் பிரேக்கைத்தான் மிதித்தார். அது அங்கே இல்லை, அவ்வளவுதான். கேன்டீன் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன், "என்னண்ணே, கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டான்.

அக்கா, நான் இன்ஷூரன்ஸில் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போன கடிதத்தில் குதித்தவன்தான், என்னைத் திட்டிக்கொள். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நானே அந்தக் காரை வாங்கிக் கொடுத்து, இப்போது நானே கையெழுத்துப் போட்டு, இவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று எழுத வேண்டுமா? ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி? மறுபடியும் கியர் கார் வாங்கலாம் என்றால் முட்டி விடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இப்போதைக்கு அவரை ஓட்டவிடாதே. சாவி தொலைந்தது என்று சொல், பட்டறையில் சாமான் வரவில்லை என்று சொல், ஏதாவது சொல். கொஞ்ச நாள் தள்ளிப்போடு. நான் யோசிக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ அங்கே யோசித்து முடிப்பதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆமையைப் பள்ளிக்கூட ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் வேன் அவள் வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கிறது.

கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காமல் என்ன செய்தார் தெரியுமா? "பாவம், ரிவர்ஸ் வராததாலதானே இப்படி ஆச்சு. நான் அவளுக்குத் திரும்பக் கத்துக்குடுக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். பணம் காசு வாங்காமல். நம் காரில்! அவள் வேனில் கற்றுக்கொடுக்கலாமே என்றால், சின்ன வண்டியில் தேறின பிறகுதான் பெரிய வண்டியாம். பட்டறையில் சாமான் வரவில்லை என்று நான் சொன்னதை நம்பாமல் அவரே போய்ப் பட்டறைக்காரரை உலுக்கிக் காரை எடுத்து வந்துவிட்டார். இனி நீ எனக்குப் பொய் சொல்லிக் கொடுக்காதே.

தினமும் சாயங்காலம் பழைய மைதானத்தில் வகுப்பு. ஆமை ஓட்டுகிறாள், அப்பா பக்கத்து சீட்டில், நான் பின்னால். அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். அம்மா போனதற்கு அப்புறம் இவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. "கண்ணாடி! கண்ணாடி! ஆமை, உன் கழுத்து என்ன கல்லா?" என்று கத்துகிறார். அவளும் "சரி மாஸ்டர், சரி மாஸ்டர்" என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பதினாறு வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டியவள்! அவள் ரிவர்ஸ் எடுப்பது தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது. அதையும் அப்பா, "பார்த்தியா, நாலே நாள்ல எப்படித் தேத்திட்டேன்" என்கிறார்.

நேற்று ஒரு நாய் குறுக்கே ஓடியது. ஆமை அமைதியாக நிறுத்தினாள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பாவின் வலது கால் தரையில் ஒன்றும் இல்லாத இடத்தை ஓங்கி மிதித்திருந்தது. நீ எழுதியபடியே. அவரே குனிந்து பார்த்துச் சிரித்தார். "கால் பாரு, இன்னும் பழக்கத்தை விடலை" என்றார். ஆமையும் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நான் முதலில் சொல்லாதே என்றேன், நீ சொல்வேன் என்றாய். இப்போது நான் சொல் என்கிறேன், நீ கை ஓடவில்லை என்கிறாய். நமக்கு இடையே நசுங்குவது அந்தப் பெண். எனக்கு அப்பாவும் வேண்டும், அவள் முகத்தைப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் நடக்காது போலிருக்கிறது. எழுதிவிடு, தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் இங்கே அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், என்னால் முடியாது. நீயாவது தூரத்தில் இருக்கிறாய்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

எழுதிவிட்டேன்.

கார் என்னுடையது, ஓட்டியவர் என் அப்பா, வேன் நின்றுகொண்டிருந்தது, தவறு எங்கள் பக்கம் என்று எழுதி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிட்டேன். பெடல் விஷயத்தையும் எழுதினேன். அவர் கவனம் இல்லாதவர் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

அனுப்பிவிட்டுக் கிரேனில் ஏறினேன். அன்றைக்கு முழுக்கக் கொக்கியை நேராகப் பிடிக்க முடியவில்லை. மேஸ்திரி கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவதா?" என்று கேட்டார்.

விசாரிக்க ஆள் வருவார்களாம். நான் அங்கே இல்லாதவன், என் வார்த்தை பாதிதான் செல்லும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பார்த்தவள் நீ ஒருத்திதான். எனக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நான் கத்தியதை எல்லாம் மன்னித்துவிடு. அவர்கள் கேட்கும்போது சொல்லிவிடு அக்கா. ஒரே ஒரு வாக்கியம்தான்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நான் சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆள் திங்கட்கிழமை வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். ஆமையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நடு நாற்காலியில். யாரோ தப்பாக எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதை நேராக்கத்தான் ஆள் வந்திருக்கிறார் என்று அவருக்கு நினைப்பு. எழுதினது நீ என்று அந்தப் பையன் சொல்லவில்லை. அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அப்பா நடந்ததைச் சொன்னார். டீக் கோப்பையை வேனாகவும் சாவிக்கொத்தைக் காராகவும் வைத்து, வகுப்பு எடுப்பது போலவே. நான் பார்க்காமல் இருந்திருந்தால் நானே நம்பியிருப்பேன். வந்தவர் ஆமையைப் பார்த்தார். "மாஸ்டர் சொல்றதுதான் சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மேடம்? வேன் நின்னுச்சா, வந்துட்டிருந்துச்சா?" என்று கேட்டார்.

ஒரே வாக்கியம் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அது நன்றாகத் தெரியும், கிளினிக் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு சந்தேகமும் இல்லாமல், தைரியமாகச் சொல்லும்மா என்பது போல, சிரித்த முகமாகப் பார்த்தார். "நான் பையில ரசீதைத் தேடிட்டிருந்தேன். பார்க்கலை" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அப்பா அவருக்கு இன்னொரு டீ ஊற்றச் சொன்னார்.

எல்லாம் முடிந்து ஆமையை வழியனுப்ப வாசல் வரை போனேன். செருப்பு மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள், "அக்கா, நான் நின்னுட்டுதான் இருந்தேன். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டேன் பார், அந்த வெட்கங்கெட்ட கேள்வியை.

"மாஸ்டரை எதிர்த்து நான் எப்படி அக்கா சொல்றது? லைசென்ஸ் வேணாம், நான் ஓட்டவே மாட்டேன்னு போனவளை வீடு தேடி வந்து திரும்பக் கூட்டிட்டுப் போனவர். நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தினமும் வகுப்புக்கு வந்தது அதுக்குத்தான். இன்னிக்குச் சொல்லுவாங்க, இன்னிக்குச் சொல்லுவாங்கன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் சாயங்காலம் வகுப்புக்கு வரவில்லை. அப்பா மைதானத்தில் இருட்டும் வரை காரில் உட்கார்ந்திருந்துவிட்டு, "தேறிட்டா, அதான் வரலை. பசங்க எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நேற்று கிளினிக்கிலிருந்து அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். நான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் ஃபைலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க, நீங்க பார்க்கலைன்னுட்டீங்களே மேடம், ஃபைல் முடியப்போகுது. மாத்தணும்னா நேர்ல வந்து எழுதிக் குடுங்க. ஓட்டினவரையும் கூட்டிட்டு வரணும், அவர் எதிரிலேயே கேட்பாங்க" என்றார். இன்றைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

காலையில் அப்பாவிடம், இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு நாம் ரெண்டு பேரும் போகணும், ஒரு கையெழுத்து பாக்கி என்றேன். டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றும் சொன்னேன். உடனே எழுந்துவிட்டார். "டாக்ஸி எதுக்கும்மா? நான் இருக்கேன்ல" என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஹெட்லைட்டை வேறு துணியால் துடைத்தார், புதுசு என்பதால்.

இப்போது கீழே கார் ஸ்டார்ட்டாகி நிற்கிறது. எனக்குத் தலை வலிக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாடியில் நின்றபடியே இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். போகிற வழியில் சொல்லவா? ஓட்டும்போது சொன்னால் அவர் கால் எங்கே போகும்? அங்கே போய் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் சொல்லவா? உன்னைக் கேட்கலாம், உன் பதில் வர ஒரு வாரம் ஆகும்.

ஹார்ன் அடிக்கிறார். "இன்னும் என்னம்மா பண்றே, நேரமாச்சு" என்கிறார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நான் போய் ஏற வேண்டும்.

அக்கா